வேடத்தின் விலை

பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்களைப் பற்றி ஆட்டக்காரர்களிடையே நிலவும் அபிப்பிராய பேதங்கள் மதச் சண்டைகளுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல. ஜப்பானியர் செய்தவையே உயர்ந்தவை என்று சாதிப்பவரும், அவற்றை ஆட்டமென்றே ஒப்பாமல் பொத்தானை அமுக்கிக்கொண்டு படிக்கும் நாவல் என்று தள்ளிவிடுபவரும், பாத்திரத்தின் பலம் படிப்படியாக எண்களில் ஏறுவதே இவ்வகையின் லட்சணம் என்பவரும், எண்களெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை, கதையே பிரதானம் என்பவரும், கதையும் வேண்டாம், பரந்த ஓர் உலகத்தில் மனம்போனபடி திரியும் சுதந்திரம் கிடைத்தால் போதும் என்பவருமாக இந்தச் சபையில் பல கட்சிகள் உண்டு. இக்கட்சிகள் ஒவ்வொன்றிலும் உண்மையின் ஓர் அம்சம் இருக்கிறதென்றாலும், இவ்வாட்டங்களை நீண்டகாலமாக ஆடிவருபவன் என்ற முறையில் நான் இவற்றை மதிப்பிடக் கைக்கொள்ளும் அளவுகோல் வேறு. ஓர் ஆட்டத்தில் எத்தனை காரியங்களைச் செய்ய முடிகிறது என்பதைவிட, ஒன்றைச் செய்தபின் எதைச் செய்ய முடியாமற் போகிறது என்பதைக் கொண்டே அதில் எனக்கு ஒரு வேடம் உண்டா இல்லையா என்று நான் தீர்மானிக்கிறேன். எதையும் இழக்காமல் எல்லாமாகவும் ஆகிவிடக்கூடிய ஒருவன், எந்தப் பாத்திரத்தையும் ஏற்றவனாகமாட்டான்.

இதை விளக்குவதற்கு இவ்வாட்டங்களின் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்க்கவேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில், மேஜைமீது பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்துப் பழைய யுத்தங்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கில் ஆழ்ந்திருந்தவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னிசன், மினசோட்டாவில் தம் நண்பர்களுக்குச் சேனைகளைப் பங்கிட்டுக் கொடுப்பதை விட்டு, ஆளுக்கு ஒரே ஒரு மனிதனைக் கொடுத்து, அம்மனிதனாகவே அவர்களைப் பேசவும் துணியவும் அஞ்சவும் வைத்தார். அவரும் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வசித்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து வகுத்த விதிகள் 1974-ஆம் ஆண்டில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரில் அச்சாயின. அதில் ஒருவனுடைய பலம், புத்தி, விவேகம், தேகதிடம், கைத்திறன், வசீகரம் என்னும் ஆறு குணங்களையும் மூன்று பகடைகளை உருட்டியே தெரிந்துகொள்ளவேண்டும். புத்திக்கு ஐந்து விழுந்தவன் மந்திரவாதியாக ஆசைப்படலாமே தவிர ஆகிச் சிறக்க முடியாது. எதிரே அமர்ந்து கதையை நடத்தும் நடுவர் ஒருவர் இருந்தார். சென்ற வாரம் சத்திரக்காரனை நீ ஏமாற்றியதை அவர் மறக்கமாட்டார். பகடை பிறவியிலேயே ஓர் எல்லையை வகுத்தது, நடுவருடைய ஞாபகம் செய்கைக்கு ஒரு விளைவை வைத்தது. இவ்வகைக் கலையின் ஜீவன் இவ்விரண்டிலும் அன்றே அடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

அடுத்த ஆண்டே இது கம்ப்யூட்டருக்குள் நுழைந்தது. இல்லினாய் சர்வகலாசாலையில் பாடம் கற்பிப்பதற்காக அமைத்த பிளேட்டோ என்ற யந்திரத்தில் எழுதிய முதல் ஆட்டங்களுள் ஒன்று, நிர்வாகிகளின் கண்ணில் படாதிருக்கவேண்டி 'பி.எடிட்5' என்ற சப்பென்ற பெயரில் பாடக் கோப்புப்போல் பதுங்கியிருந்ததும், அப்படியும் அகப்பட்டு அழிக்கப்பட்டதும் ரசமான சரித்திரம். ஆனால் அக்காலத்து யந்திரங்களின் கொள்ளளவு அற்பம். ஆகவே அவை மேஜை ஆட்டத்திலிருந்து பகடையையும் எண்களையும் எடுத்துக்கொண்டு, நடுவருடைய ஞாபகத்தை விட்டுவிட்டன. இன்றளவும் பல ஆட்டங்கள் அந்தக் குறையோடுதான் பிறக்கின்றன.

ஞாபகம் இல்லாவிட்டாலும் மரணபயமாவது இருக்கட்டும் என்று எண்ணியவர்கள் போலும் 1981-இல் விசார்ட்ரியைச் செய்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும். நிலவறையில் உன் தோழன் இறந்தால் அவனைச் சுமந்துவந்து கோயிலில் பணம் கட்டி உயிர்ப்பிக்கலாம். அந்த முயற்சி பலிக்காவிட்டால் உடல் சாம்பலாகிவிடும். சாம்பலையும் உயிர்ப்பிக்கத் துணிந்து அதுவும் தவறினால் அவன் பெயரே ஏட்டிலிருந்து மறைந்துபோகும். நடந்ததையெல்லாம் வட்டில் உடனுக்குடன் எழுதிவிடும் கண்டிப்பும் அதற்கு உண்டு. இந்த ஆட்டத்தில் கதை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் இதில் ஒரு கதவைத் திறப்பதற்குமுன் கை தயங்குகிறதே, அந்தத் தயக்கம் பிற்காலத்துப் பெரும்பொருட் படைப்புகள் பலவற்றில் எனக்கு வாய்த்ததில்லை.

விளைவு என்பதை மரணத்திலிருந்து நடத்தைக்கு மாற்றிய பெருமை ரிச்சர்ட் காரியட்டுக்கு உரியது. டெக்சாஸில் வளர்ந்த இவர் பள்ளிப் பருவத்திலேயே ஆட்டங்கள் எழுதத் தொடங்கியவர். இவருடைய அல்டிமா வரிசையின் முதல் மூன்று ஆட்டங்களில் துஷ்டன் ஒருவனைத் தேடிக் கொல்வதே லட்சியம். அவனைக் கொல்வதற்கான வழியில் கடையில் திருடுவதும் அப்பாவி நகரத்தாரை வெட்டிப் பொன் சேர்ப்பதுமே லாபகரமான உபாயங்களாக இருந்தபடியால், உலகைக் காக்கவந்த வீரர்கள் அனைவரும் நடைமுறையில் கொள்ளைக்காரராகவே திரிந்தனர். 1985-இல் வெளிவந்த நான்காவது அல்டிமாவில் காரியட் துஷ்டனையே நீக்கிவிட்டார். கொல்லவேண்டியவன் யாருமில்லை. சத்தியம், இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டு குணங்களில் தேறி, நம் புராணச் சொல்லாகிய 'அவதார்' என்னும் பட்டத்தை அடைவதே ஆட்டத்தின் பயன். எட்டுக்கும் எட்டுச் சந்நிதிகள் உண்டு. ஆன்மிகத்தின் சந்நிதியில் ஜபிக்கவேண்டிய மந்திரம் 'ஓம்' என்றே வைத்திருக்கிறார்.

தொடக்கத்தில் ஒரு குறிகாரி சீட்டுகளை விரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு நற்குணங்கள் மோதும்படியான தர்மசங்கடங்களைக் கேட்கிறாள். தீமையை விலக்கி நன்மையைத் தேர்வது யாருக்கும் எளிது. இரண்டு நன்மைகளில் ஒன்றைக் கைவிடச் சொல்லும்போதுதான் விடை சொல்பவனுடைய சுபாவம் வெளிப்படுகிறது. அவ்விடைகளிலிருந்து உன் தொழில் நிச்சயமாகும். பணிவை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தவன் இடையனாகிறான். இடையனோ எட்டுத் தொழில்களிலும் மிகப் பலவீனமானவன். பணிவுக்குப் பரிசாகப் பலவீனத்தையே கொடுத்த இந்த ஏற்பாட்டைக் காட்டிலும் நேர்மையான ஒன்றை நான் இவ்வகை ஆட்டங்களில் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

மந்திரத்துக்கான மூலிகைகளை விற்பவர்கள் இந்த உலகத்தில் கண்தெரியாதவர்கள். இத்தனை வேண்டும் என்று கேட்டதும் விலையைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டுகிறார்கள். எத்தனை பொற்காசு கொடுக்கிறாய் என்பதை நீயே தட்டெழுதவேண்டும். ஒரு காசை வைத்துவிட்டுப் போனாலும் அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள், நன்றியும் சொல்கிறார்கள். திரையில் எந்த எச்சரிக்கையும் தோன்றுவதில்லை. உள்ளே, ஆட்டக்காரன் பார்க்க முடியாத ஒரு பேரேட்டில், சத்தியமும் நீதியும் மானமும் குறைந்துவிடுகின்றன. வெகுகாலம் கழித்துச் சந்நிதிக்குப் போய்த் தியானிக்கும்போதுதான் ஏதோ பிசகியிருக்கிறது என்று தெரியவரும். பாம்பு, எலி போன்ற கேடற்ற பிராணிகளை விரட்டாமல் கொன்றால் இரக்கம் குறைகிறது. வைத்தியசாலையில் இரத்தம் கொடுத்தால் தியாகம் ஏறுகிறது. வழியில் சந்திப்பவர் புகழ்ச்சியாகக் கேட்கும் கேள்விக்கு 'ஆம், நானே சிறந்தவன்' என்ற தோரணையில் விடையிறுத்தால் பணிவு போய்விடுகிறது. மேஜை ஆட்டத்து நடுவரின் ஞாபகம் பத்து ஆண்டுகளுக்குப்பின் யந்திரத்தினுள் குடியேறியது இங்கேதான்.

ஆனாலும் குற்றம் இல்லாமலில்லை. பேரேடு என்று ஒன்று இருந்தால் அதை ஏமாற்றவும் மனிதன் வழி காண்பான். பிச்சைக்காரனுக்கு ஒரு காசு கொடுத்தாலும் இரக்கம் ஏறும் என்று கண்டுபிடித்த ஆட்டக்காரர்கள், அவன் எதிரிலேயே நின்று ஒவ்வொரு காசாகப் பலமுறை போட்டு மகாகருணாமூர்த்திகளானார்கள். உலக வழக்கில் இது புதுமையல்ல என்பதால் இதை நான் பெரிதும் குறை கூறுவதில்லை.

இனி ஜப்பானியரைப் பார்ப்போம். விசார்ட்ரியிலும் அல்டிமாவிலும் மனத்தைப் பறிகொடுத்த யூஜி ஹோரி, அவற்றின் சிக்கல்களைக் களைந்து சிறுவரும் ஆடத்தக்கதாக 1986-இல் டிராகன் குவெஸ்ட் என்ற ஆட்டத்தைச் செய்தார். அடுத்த ஆண்டு ஹிரோனோபு சகாகுச்சியின் ஃபைனல் ஃபேன்டஸி தொடர்ந்தது. இவர்கள் வகுத்த சம்பிரதாயத்தில் நாயகன் யார், எங்கே போகிறான் என்பதெல்லாம் ஆசிரியர் தீர்மானித்துவைத்தவை. ஆகவே இவற்றில் வேடமே இல்லை என்று மேனாட்டுக் கட்சியார் வாதிப்பது மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும். அவர்கள் 1992-இல் வந்த ஐந்தாவது டிராகன் குவெஸ்டை ஆடிவிட்டு வந்து வாதிக்கட்டும் என்பேன்.

அதன் நாயகன் சிறுவனாக இருக்கும்போதே தந்தை அவன் கண்ணெதிரே கொல்லப்படுகிறார். அவன் அடிமையாகிப் பத்து ஆண்டுகள் கல் சுமக்கிறான். தப்பி வளர்ந்து, பால்யத் தோழி பியாங்காவையோ செல்வர் மகள் ஃபிளோராவையோ மணக்கவேண்டிய ஓர் இரவை அடைகிறான். அந்தத் தேர்வை மாற்ற முடியாது. ஃபிளோராவை மணந்தால் மாமனாரின் செல்வமும் உதவியும் கிடைக்கும். பியாங்காவை மணந்தால் பழைய நினைவுகளைத் தவிர வரதட்சிணை இல்லை. ஜப்பானில் இவ்விருவரைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் என் மனத்தில் ஆழப் பதிந்தது அதற்கு அப்பால் வரும் பகுதி. பகைவனுடைய சாபத்தால் நாயகன் கல்லாகச் சமைந்துவிடுகிறான். சிலையென்று நினைத்து அவனை விலைக்கு வாங்கிய ஒரு குடும்பத்தார், தங்கள் குழந்தைக்குக் காவலாக இருக்கட்டும் என்று முற்றத்தில் நிறுத்துகிறார்கள். பருவங்கள் மாறுகின்றன, வெயிலும் பனியும் வந்துபோகின்றன, குழந்தை தவழ்ந்து நடக்கத் தொடங்குகிறது. ஒருநாள் பூதங்கள் வந்து அக்குழந்தையைத் தூக்கிப்போகின்றன. அதைக் கண்ணெதிரே கண்டும் சிலை அசையாது. ஆட்டக்காரனும் தன் கையிலுள்ள பொத்தான்களில் எதை அமுக்கினாலும் ஒன்றும் ஆகாது. துக்கம் தாளாத தகப்பன், காக்காத காவற்சிலையின்மீது தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்கிறான். தன் தந்தையை இழந்த அன்று ஒன்றும் செய்ய இயலாமற்போனவன், தந்தையாகிய பின்னும் ஒன்றும் செய்ய இயலாமல் நிற்கும் இந்த நிலையைப் படித்து அறிவது வேறு, பொத்தான் பயனற்றுப்போன கையோடு அனுபவிப்பது வேறு. பிறகு அவனைத் தேடிவந்து மீட்பவர்கள் அவனுடைய இரட்டைக் குழந்தைகள். தீர்க்கதரிசனம் கூறிய வீரனும் நாயகன் அல்லன், அவன் மகன். தெய்வ வாளைத் தகப்பனால் ஏந்தவே முடியாது. இளமையும் காலமும் புகழும் இப்படிக் கழிந்த பிறகு எஞ்சி நிற்கும் ஒருவனை வேடமற்றவன் என்று எப்படிச் சொல்வது?

இதனோடு ஒப்பிட்டால் 1997-இல் உலகத்தையே கலங்கடித்த ஏழாவது ஃபைனல் ஃபேன்டஸியில் ஏரித் என்ற பெண்ணின் மரணம் எனக்குச் சற்றுக் குறைவாகவே படுகிறது. அது துயரந்தான், அவளை வளர்க்கச் செலவிட்ட உழைப்பெல்லாம் ஒரு கணத்தில் போகிறது. ஆனால் அது ஆசிரியர் பறித்துக்கொண்டது, நான் கொடுத்தது அல்ல. சகாகுச்சியும் ஹோரியும் கைகோத்து 1995-இல் செய்த க்ரோனோ டிரிகர் இதில் நுட்பமானது. தொடக்கத்தில் ஒரு திருவிழா. மேஜைமேல் இருக்கும் யாரோ ஒரு கிழவரின் சாப்பாட்டை எடுத்துத் தின்னலாம். பசியாற்றும் பண்டம் எதைக் கண்டாலும் விழுங்குவது ஆட்டக்காரரின் வழக்கமாதலால் யோசியாமல் தின்றுவிடுகிறோம். மோதி விழுந்த பெண்ணைத் தூக்குவதற்குமுன் கீழே கிடக்கும் அவளுடைய பதக்கத்தை எடுத்துவிடுகிறோம். பிற்பாடு நாயகனை நீதிமன்றத்தில் நிறுத்தும்போது இவை ஒவ்வொன்றும் சாட்சியாக எழுந்துவருகின்றன. தீர்ப்பு எப்படியானாலும் சிறைவாசம் நிச்சயம் என்பதால் இதன் விளைவு சொற்பமே. ஆனாலும் சாட்சிக்கூண்டில் அக்கிழவரைக் காணும்போது உண்டாகும் திடுக்கிடல் சொற்பமன்று.

மேனாட்டில் இக்கலை மறுபடி உயரத்தை எட்டியது 1997-இல் டிம் கெய்ன் முதலானோர் இன்டர்பிளே ஸ்தாபனத்தில் செய்த ஃபால்அவுட்டில். அணுயுத்தத்தில் அழிந்த அமெரிக்காவில், நிலத்தடிக் காப்பறை ஒன்றின் தண்ணீர்ச் சாதனம் பழுதாகிவிட, மாற்றுச் சில்லைத் தேடி 150 நாட்களுக்குள் கொண்டுவர அனுப்பப்படுகிறான் ஒருவன். அவனுடைய புத்தியின் அளவைக் குறைத்து வைத்துவிட்டு ஆடினால், எதிர்ப்பட்டவர்களிடம் உறுமலும் முனகலுமே பேச்சாக வரும். மற்றவர்க்குத் திறக்கும் கதவுகள் பல அவனுக்குத் திறவா. மாறாக, பேச்சுத்திறன் மிக்கவன் இறுதியில் மனிதகுலத்தையே வேறு இனமாக மாற்றத் துணிந்த தலைவனிடம் சென்று, அவன் உண்டாக்கிய புதிய இனத்துக்குச் சந்தான விருத்தி இல்லை என்பதை ஆதாரத்தோடு நிரூபித்து, ஒரு குண்டும் சுடாமலே அவனைத் தன்னை மாய்த்துக்கொள்ளச் செய்யலாம். இவ்வளவும் செய்து வீடு திரும்பும் வீரனை, வெளியுலகைக் கண்டுவந்தவனைப் பார்த்து இளையோரும் வெளியேறிவிடுவார்கள் என்று அஞ்சி, காப்பறையின் தலைவர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பிவிடுகிறார்.

இரண்டாண்டு கழித்துக் கிறிஸ் அவலோன் முதன்மையாக எழுதிய பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. அதன் நாயகன் சாகமாட்டான். முன்பு சாவுகளில் ஞாபகம் இழந்துவந்தவன், கதை தொடங்கும்போதும் நினைவின்றிப் பிணவறையில் கண்விழிக்கிறான். ஆகவே அவன் திருப்பிச் செலுத்தவேண்டியவை தான் செய்ததாக நினைவே இல்லாத கடன்கள். அவனோடு வரும் டக்கான் என்ற வாள்வீரன், தன் உயிரைக் காத்தவனுக்கு அவன் சாகும்வரை ஊழியம் செய்வதாகச் சத்தியம் செய்துவிட்டவன். யாருக்குச் செய்தானோ அவனுக்குச் சாவு இல்லை என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. டக்கானை ஆட்கொள்வதற்கென்றே முற்பிறப்பொன்றில் நாயகன் அந்த உதவியைக் கணக்குப் பார்த்துச் செய்தான் என்பது மெல்ல மெல்ல வெளிப்படும்போது, ஆட்டக்காரன் தான் செய்யாத பாவத்துக்காக வெட்கப்படுகிறான். இதிலுள்ள சண்டைகள் சலிப்பூட்டுபவை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும்.

சுதந்திரக் கட்சியாரின் ஆராதனைக்குரிய ஸ்கைரிமைப் பற்றிச் சொன்னால் சிலர் மனம் வருந்தக்கூடும். 2011-இல் வந்த அந்த ஆட்டத்தின் மலைகளும் பனியும் இசையும் அற்புதமானவை. அவற்றினூடே வெறுமனே நடப்பதில் நான் கண்ட இன்பத்தை மறுக்கவில்லை. ஆனால் அதே ஒருவன் அங்கே போர்வீரர் சபைக்கும் தலைவன், திருடர் சங்கத்துக்கும் தலைவன், கொலைகாரர் குழுவுக்கும் நாயகன், மந்திரம் அரைகுறையாகத் தெரிந்திருந்தாலும் மந்திரக் கல்லூரிக்கும் அதிபதி. ஒருவரும் இது பொருந்தாதே என்று முகஞ்சுளிப்பதில்லை. இதே வரிசையில் 2002-இல் வந்த மாரோவிண்டில் மூன்று பெருங்குலங்களுள் ஒன்றில் சேர்ந்தவனுக்கு மற்ற இரண்டின் வாசலும் அடைபடும். உரிய கலையில் தேராதவனுக்குச் சங்கத்தில் பதவி உயர்வு கிடையாது. போகவேண்டிய இடத்தை அம்புக்குறி காட்டாது, பாறையில் இடப்பக்கம் திரும்பி ஆற்றைக் கடந்து போ என்று எவரோ சொன்னதைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொண்டே அலையவேண்டும். கதைக்கு இன்றியமையாதவரைக் கொன்றுவிட்டால், விதியின் இழை அறுந்தது என்று அறிவித்துவிட்டு, அந்த அறுந்த உலகத்திலேயே தொடர்ந்து வாழவும் அது அனுமதிக்கும். ஸ்கைரிமில் அத்தகையவரைக் கொல்லவே முடியாது. வெட்டினால் முழங்காலிட்டு இளைப்பாறிவிட்டு எழுந்துகொள்வார். பதிப்புக்குப் பதிப்பு வசதி பெருகியது, வேடம் தேய்ந்தது.

விலை வைக்கும் ஆசிரியர்கள் அனைவருக்கும் ஒரே சத்துரு உண்டு; அது சேவ் என்னும் வசதி. செய்கைக்குமுன் நிலைமையைப் பதிந்துவைத்து, விளைவு பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடுபவனிடம் எந்த விலையும் செல்லாது. இதற்கு மிகச் சாதுரியமான விடை கண்டவர் டோபி ஃபாக்ஸ். 2015-இல் அவர் பெரும்பாலும் தனியாகவே செய்த அண்டர்டேல் ஆட்டத்தில், தொடக்கத்தில் உன்னைத் தாய்போல் பேணும் டோரியல் என்ற பிராணியைக் கொன்றுவிட்டு, மனம் பொறாமல் பழைய பதிவுக்குத் திரும்பி, இம்முறை அவளை உயிரோடு விட்டு வெளியேறினால், வழியில் முளைத்து நிற்கும் ஒரு பூ, நீ முதலில் செய்தது தனக்குத் தெரியும் என்று ஏளனம் செய்கிறது. எல்லோரையும் கொன்று முடித்தவன் பிறகு புதிதாகத் தொடங்கி எல்லோரையும் காத்தாலும், அந்த மங்கள முடிவில் பழைய கறை தெரியும். பிராயச்சித்தம் உண்டு, அழிப்பான் இல்லை.

வேறொரு விடையை எஸ்தோனியர் ராபர்ட் குர்விட்ஸும் அவர் தோழர்களும் 2019-இல் டிஸ்கோ எலிசியத்தில் கண்டார்கள்: தோல்வியையே திரும்பிப் போக மனம் வராத அளவுக்குச் சுவையாக்கிவிடுவது. ரெவஷோல் என்ற சிதைந்த நகரின் விடுதியறையில், குடியினால் தன் பெயரையும் மறந்து விழித்தெழும் ஒரு துப்பறிவாளனே நாயகன். தேகதிடத்தை மிகக் குறைத்து வைத்திருந்தால், விளக்கைப் போட்ட மாத்திரத்தில் கண்கூசி இதயம் நின்று செத்துவிடலாம். சுழலும் விசிறியில் தொங்கும் கழுத்துப்பட்டியை எட்டி எடுக்கப்போயும் சாகலாம். விடுதி பாக்கியைக் கொடாமல் ஓட முயன்று பகடை தவறினால், ஓடிக்கொண்டே திரும்பி அவமரியாதையான சைகை காட்டிக்கொண்டு பாய்ந்து, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு மூதாட்டிமீது மோதி விழுகிறான். வெற்றியடைந்திருந்தால் இத்தனை சுவை இராது. சண்டைக்கென்று தனி ஏற்பாடே இல்லாத இந்த ஆட்டத்தில் 24 திறன்கள் உண்டு. அவை வாய்திறந்து பேசும். அதிகார உணர்ச்சியை அதிகம் வளர்த்தால் அது கண்டவரிடமெல்லாம் மரியாதை கேட்டு நிற்கச் சொல்லும். புலனின்ப வேட்கையை வளர்த்தால் அது ஓயாமல் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் தூண்டும். 1974-இல் குறைந்த எண் மட்டுமே மனிதனுக்கு எல்லையாக இருந்தது. இங்கே உயர்ந்த எண்ணும் எல்லையாகிவிட்டது. அருகில் கிம் கிட்சுராகி என்ற நிதானமான சக அதிகாரி நின்று, அதிகம் பேசாமல், எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறார். அவர் மதிப்பில் தாழ்ந்துவிடக்கூடாதே என்ற கூச்சம் எனக்கு எந்த ஆட்டத்து அரக்கனிடமும் உண்டான அச்சத்தைவிட வலியது.

லேரியன் ஸ்தாபனத்தாரின் மூன்றாவது பால்டர்ஸ் கேட் 2023 ஆகஸ்டில் வெளிவந்து பெரும் கீர்த்தி பெற்றது. பகடை திரையில் உருள்வதைக் கண்ணாரக் காட்டும் அந்த ஆட்டத்தில், தவறிய பகடையை மீண்டும் உருட்டப் பழைய பதிவுக்கு ஓடுவோரே அதிகம் என்பது ஆட்டக்காரர் வட்டத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் விஷயம். அவ்வாண்டு நவம்பர் இறுதியில், ஒரே ஒரு பதிவைத் தவிர வேறொன்றும் தராத, குழுவினர் அனைவரும் மடிந்தால் முயற்சியே முடிந்துபோகும் கடுமுறை ஒன்றை அதில் சேர்த்தார்கள். மரணத்துக்கு விலை வைப்பதில் அது விசார்ட்ரிக்கு வாரிசு. நடத்தைக்கு விலை வைப்பதில் அது சாதாரண முறையிலிருந்து அதிகம் முன்னேறவில்லை என்பது என் அபிப்பிராயம்.

புதிதாக இத்துறையில் நுழைய விரும்புவோர் எதில் தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், நான்காவது அல்டிமாவைச் சொல்லமாட்டேன். அது இன்று இணையத்தில் சட்டபூர்வமாக இலவசமாகவே கிடைக்கிறதென்றாலும், விசைப்பலகையின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டளையை மனனம் செய்யும் பொறுமை இக்காலத்தவரிடம் எதிர்பார்க்கத்தக்கதன்று. டிஸ்கோ எலிசியம் நீண்ட ஆங்கில வாசிப்பைக் கோருவது. சில மாலைகளிலேயே முடிந்துவிடக்கூடியதும், சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடியதுமான அண்டர்டேலில் தொடங்குவதே உசிதம். அதைப் பற்றி மேலே நான் சொல்லியிருப்பதைவிட அதிகமாக ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் தொடங்குவது இன்னும் உசிதம்.